பொர்த்தொலோ அடைத்த ஓட்டைகள்

என் கணவர் பொர்த்தொலோவுக்கு ஒரு வீட்டுச் சுவரில் ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால் சாப்பாடு இறங்காது. அவர் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். பிறந்த தேதியும் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் பெயரும் பெர்கமோ மலையில் எங்கள் ஊர்க் கோயில் புத்தகத்தில் இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். விருந்துக்குப் போன வீட்டில் ஆணி பிடுங்கிய தடம் ஒன்று எதிர்ச்சுவரில் இருந்தால் போதும், பேச்சு எதுவும் அவர் காதில் ஏறாது. ரொட்டியின் நடுவைப் பிய்த்து, எச்சில் தொட்டு உருட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் அதில் வைத்து அழுத்திவிட்டு வந்துதான் சூப்பில் கரண்டி போடுவார். என் தங்கை கல்யாணத்தில் அப்படி மூன்று அடைத்தார்.

அவர் அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார். எங்கள் பள்ளத்தாக்கின் ஆண்கள் போருக்குப் பிறகு திங்கட்கிழமை காலை ரயிலில் மிலானுக்கு வேலைக்குப் போய், சனிக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்பு படிந்த தலையோடு திரும்புவார்கள். எல்லாப் பெண்களும் அதற்குப் பழகியிருந்தார்கள். நான் பழகவில்லை. "ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் புருஷன் எனக்கு வேண்டாம்" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு அவருடனேயே ரயிலேறிவிட்டேன். மிலானில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அறை. முற்றத்தைச் சுற்றிக் கம்பித் தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள், தாழ்வாரத்துக் கோடியில் பதினோரு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். ஜனவரியில் அங்கே போய் வரக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடம் அப்படி இருந்தோம். மகள் பியெரா அங்கேதான் பிறந்தாள்.

அறுபத்து மூன்றாம் வருடம் வீட்டு வசதி வாரியம் ஊருக்கு வெளியே சோளக் கொல்லையில் ஏழைகளுக்கு வீடு கட்டத் தொடங்கியது. கட்டியது என்று சொல்வதற்கு பொர்த்தொலோ கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. செங்கல் கிடையாது. கொல்லைக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்கூடம் போட்டார்கள். அதில் மேசை போலப் பெரிய இரும்பு அச்சுகள். அச்சில் கம்பியும் குழாயும் ஜன்னல் சட்டமும் வைத்து, கான்கிரீட்டை ஊற்றி, அடியில் நீராவி விட்டு வேகவைப்பார்கள். காலையில் ஊற்றினால் சாயங்காலம் ஒரு முழுச் சுவர் எழுந்து நிற்கும். லாரியில் ஏற்றி வந்தால் கிரேன் அதைத் தூக்கி இடத்தில் வைக்கும். முறையைப் பிரான்சிலிருந்து வாங்கி, நம் எஞ்சினியர்கள் நமக்குத் தகுந்தபடி மாற்றினார்களாம்.

"சுவத்தை வேகவெச்சு எடுக்குறானுங்க, செலெஸ்தா" என்றார் முதல் நாள் வீட்டுக்கு வந்து. செலெஸ்தா நான்தான். "நம்ம சோளக்களி மாதிரி. ஊத்துறான், ஆறவிடுறான், கவுத்துறான்."

"நிக்குதா?"

"நிக்குது. அதான் எனக்குப் புரியல."

முணுமுணுத்தாலும் அந்த வேலையில் அவருக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் பியெராவையும் டிராமில் கூட்டிப்போய்ச் சேற்றில் நிறுத்தி, "அங்க பாரு, போன ஞாயித்துக்கெழமை மூணு மாடிதான இருந்துச்சு, இப்ப எண்ணு" என்பார். ஒருநாள் கண்ணாடி போட்ட ஜன்னலோடு ஒரு சுவர் வானத்தில் போவதைப் பார்த்தேன். சூரியன் அதில் பட்டு எங்கள் முகத்தில் அடித்தது. நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அவருக்குக் கொடுத்த வேலை சந்து பூசுவது. இரண்டு சுவர்ப் பலகைகள் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து இருக்கும். உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் நின்றபடி அந்தச் சந்தின் வெளிவாயைப் பூசி மூட வேண்டும். ஒவ்வொரு மாடி மட்டத்திலும் சந்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையைப் பூசாமல் விட வேண்டும். வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெர்கமோ கொத்தனார் மிலான் சர்வேயரிடம் போய் ஏன் என்று கேட்பதா?

கட்டிடத்தில் மூன்று படிக்கட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வீட்டு வரிசை. அவற்றில் முதலாவதும் மூன்றாவதும் வரைபடப்படி நடந்தன. நடுப் படிக்கட்டில்தான் எங்களுக்கு ஐந்தாவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். அந்த நடுப் படிக்கட்டின் ஓட்டைகளை அவர் ஒவ்வொன்றாக, நல்ல சாந்து குழைத்து, விரலால் அழுத்தி, ஈரத் துணியால் துடைத்து, அடைத்தது தெரியாமல் அடைத்துவிட்டார். தன் பெண்டாட்டி பிள்ளை வாழப்போகிற சுவரில் காகிதக்காரன் சொன்னான் என்று ஓட்டை விட்டுவைக்க அவரால் முடியவில்லை. எனக்கு அதைச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது எனக்குச் செய்த சீர்.

உச்சி மாடி முடிந்தால் கொத்தனார்கள் கூரையில் பச்சைக் கிளை கட்டுவது வழக்கம். அன்று வீட்டுக்காரர் செலவில் விருந்து. இந்தக் கட்டிடத்துக்குக் கூரை என்று ஒன்று தனியாக இல்லை. கடைசிப் பலகை காலை பத்து மணிக்கு மேலே போனது, கிரேன்காரன் இறங்கிப் போய்விட்டான். பொர்த்தொலோ மட்டும் வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு முசுக்கட்டைக் கிளையை ஒடித்து, எட்டு மாடி ஏறிக் கட்டிவிட்டு வந்தார். விருந்து வரவில்லை. தொழிற்கூடக் கேண்டீனில் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அறுபத்து நான்கு செப்டம்பரில் குடியேறினோம். அந்த நாளை இப்போது நினைத்தாலும் என் உள்ளங்கை சூடாகிறது. குழாயைத் திருப்பினால் வெந்நீர். எங்களுக்கென்று ஒரு குளியலறை, அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள். பியெரா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். மத்தியானம் முழுக்க அதுதான் அவள் விளையாட்டு. அவர் சமையலறைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "செங்கல் இல்லாட்டியும் வீடுதான், செலெஸ்தா" என்றார்.

நவம்பரில் மேற்கிலிருந்து மழை பிடித்தது. மூன்று வாரம் விடவில்லை. எங்கள் மூலையில் லேசாக ஓதம் தெரிந்தது. கீழே போகப் போக மோசம். முதல் மாடியில் நுன்சியாத்தா வீட்டில் சுவர் அழுதது. பூசணம் கறுத்துக் கட்டில் தலைமாடு வரை ஏறியது.

நுன்சியாத்தா தெற்கே ஃபொஜ்ஜா பக்கத்துச் சமவெளிக்காரி. புருஷன் டிராம் தண்டவாள வேலை. நான்கு பிள்ளைகள். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ரயில் பாதைக்கு அப்பால் வாரியத்தின் தகரக் கொட்டகையில் ஆறு வருடம் கிடந்தவர்கள். அவளுக்கும் எனக்கும் ஆகாது. தப்பு இரண்டு பக்கமும் இருந்தது, என் பக்கம் கொஞ்சம் கூடுதல். சர்வேயர் ஃபொஸ்ஸாத்தி வாரியத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, அடுப்பு ஆவியும் ஈரத் துணியும்தான் காரணம் என்று சொல்லிப் போனதிலிருந்து படிக்கட்டில் தினமும் சண்டை.

"முக்கா மணி நேரம் களியைப் போட்டுக் கிண்டுனா சுவரு அழாம என்ன பண்ணும்? பெர்கமோவே ஆவியாப் போகுது" என்பாள் அவள், கீழிருந்து.

"அண்டா அண்டாவா மாக்கரோனி வேகவெக்கிறது யாரு? உன் வீட்டுக்குள்ள வந்தா குடை பிடிக்கணும் போல."

"என் தண்ணி கொதிச்சு ஆறு நிமிஷத்துல எறங்கிரும் தாயி. உன் களிப் பானை வேலைக்குப் போன புருஷன் வர்ற வரைக்கும் கொதிக்குது."

"துணியை வெளிய காயப்போடு மொதல்ல."

"மழையிலயா? உங்க ஊர்ல மழையிலதான் காயப்போடுவீங்களா?"

மாடிக்கு மாடி கதவைத் திறந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டிசம்பரில் அவளுக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தபோது சிரிப்பு நின்றது. அவளுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றாம் மாடித் தையல்காரர் படிக்கட்டில் நின்று சத்தமாகப் படித்தார். இந்தக் குடும்பத்தின் வாழும் முறை வீட்டைக் கெடுக்கிறது. வியாழக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். முன்னேற்றம் இல்லையென்றால் குடும்பம் பழைய கொட்டகைக்கே மாற்றப்படும்.

நுன்சியாத்தா கடிதத்தை வாங்கி, நான்காக மடித்து, மார்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று முதல் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள். துணியை அள்ளிக்கொண்டு போய் எங்கோ காயவைத்து வந்தாள். சுவர் அப்படியும் அழுதது.

என்ன இருந்தாலும் நான் பிடிவாதக்காரி. தெற்கத்திக்காரிகள் சமைப்பதால்தான் சுவர் கெடுகிறது என்பதை என் கண்ணால் பார்த்து நிரூபிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முதல் படிக்கட்டுக்குப் போனேன். அங்கே நுன்சியாத்தாவின் நாத்தனார் ரொசாரியா, அவளும் முதல் மாடி, அதே மேற்கு மூலை. சல்லடை இரவல் கேட்கிற சாக்கு.

உள்ளே போனால் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. அடுப்பில் இரண்டு பானை கொதிக்கிறது. சமையலறைக்குக் குறுக்கே நான்கு கயிறு, நான்கிலும் ஈரப் போர்வை. நுன்சியாத்தா வீட்டுத் துணி முழுக்க அங்கேதான் தொங்குகிறது. குனிந்து குனிந்து மூலைக்குப் போய்ச் சுவரில் கையை வைத்தேன். காய்ந்திருந்தது. இன்னும் கீழே, தரை ஓரத்தில் வைத்தேன். பிஸ்கெட் மாதிரி காய்ந்திருந்தது.

"என்ன தேடுற?" என்றாள் ரொசாரியா.

"சல்லடை" என்றேன்.

"சல்லடையைச் சுவத்துலயா மாட்டுவாங்க உங்க ஊர்ல?"

மத்தியானம் மேசையில் பொர்த்தொலோவிடம் சொன்னேன். "கேட்டியா, ரொசாரியா வீட்டுல குதிரை குளிப்பாட்டுற அளவுக்கு ஆவி. சுவரு மட்டும் காஞ்சு கெடக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரே சுவரு, ஒரே மழை, ஒரே கையி பூசுனது. அங்க காயுது, இங்க அழுவுது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து போய் மூலையில் கையை வைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், மழையில் நின்றபடி முதல் படிக்கட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நானும் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு மாடி மட்டத்திலும் சந்தின் அடியில் தண்ணீர் ஒழுகிய ஒரு தடம். எங்கள் பக்கத்தில் ஒரு தடமும் இல்லை, துடைத்துவைத்த மாதிரி சுத்தம்.

திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றவில்லை. "நான் அடைச்சுட்டேன்" என்றார்.

"எதை?"

"ஓட்டையை. நம்ம படிக்கட்டுல அம்புட்டையும். தண்ணி எப்படியும் சந்துக்குள்ள வரும்னு அந்த எஞ்சினியருக்குத் தெரிஞ்சிருக்கு. வந்தா வெளிய போக வாசல் வெச்சிருக்கான். நான் வாசலை மூடிட்டேன். எல்லாத் தண்ணியும் எறங்கி எறங்கி முத மாடியில போயி நிக்குது." ஈரக் கையைக் கோட்டில் துடைத்துவிட்டு, "எங்கப்பா மலைச்சரிவுல மண்ணைத் தாங்குற சுவத்துல இதே மாதிரி வழி விடுவாரு. அது எனக்குத் தோணவே இல்ல. மனுஷன் இருக்குற சுவருன்னு நெனைச்சேன்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது நான் நல்லவளாக நடந்துகொள்ளவில்லை. எனக்கு வெந்நீர்க் குழாயும் தாழ்ப்பாளும்தான் கண்ணில் நின்றன. வேலை போனால் என்ன ஆவோம் என்று பயந்தேன்.

"யாருகிட்டயும் சொல்லாத. ஒரு ஞாயித்துக்கெழமை போயி சத்தமில்லாமத் தொறந்துரு" என்றேன்.

"கயித்துல தொங்கிக்கிட்டு, சுத்தியலும் உளியும் வெச்சு, இருபத்தி நாலு ஜன்னலுக்கு முன்னால, சத்தமில்லாம" என்றார் அவர்.

"சரி, வியாழக்கெழமை போகட்டும். அப்புறம் பாப்போம்."

"வியாழக்கெழமை அவ கொட்டாய்க்குப் போயிருவா, செலெஸ்தா."

அவர் அப்படியே தொப்பியோடு நுன்சியாத்தா வீட்டுக்கு இறங்கினார். நான் நான்கு படி பின்னால் போனேன். கதவு திறந்தது. தொப்பியைக் கழற்றி, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டாள். கடைசியில், "சொல்லி முடிச்சாச்சா?" என்றாள்.

"முடிச்சாச்சு, சியூரா." மிலானில் அம்மணி என்பதற்கு அப்படி.

கதவைச் சாத்திவிட்டாள்.

திங்கட்கிழமை அவர் ஃபொஸ்ஸாத்தியிடம் சொன்னார். அந்த மனிதர் கத்தவில்லை. அதுதான் மோசம் என்றார் பொர்த்தொலோ. வரைபடத்தை விரித்து, நாற்பது ஓட்டைகளையும் பென்சிலால் ஒவ்வொன்றாகக் காட்டினாராம். அன்றே அவரைச் சந்து வேலையிலிருந்து எடுத்துத் தொழிற்கூடத்தில் அச்சு சுரண்டப் போட்டார்கள். இருபத்து நான்கு வருடம் சுவர் எழுப்பிய மனிதர் இரும்பைச் சுரண்டிவிட்டு வந்து நகத்தடியில் துருவோடு சாப்பிட்டார்.

வியாழக்கிழமை ஃபொஸ்ஸாத்தி கைப்பையோடு வந்தார். நுன்சியாத்தா வீட்டுக்குள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, "தப்பு கண்டுபிடிச்சாச்சு, நீங்க இருக்கலாம், சியூரா" என்றார். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அந்தக் காயிதம் எங்க?" என்றாள்.

"எந்தக் காயிதம்?"

"நான் அழுக்குக்காரின்னு எழுதுன காயிதம். ஒண்ணு எனக்கு வந்துச்சு. இன்னொண்ணு உங்ககிட்ட இருக்குமில்ல?"

"அது ஃபைல்ல இருக்கு. ஃபைல்ல ஏறுனதை எடுக்க முடியாது. ஆனா அதுக்கு இனிமே மதிப்பு இல்ல."

"நாளைக்கு என் மகளே வீடு கேட்டு வருவா, அந்த ஃபைலைத் தொறப்பாங்க. மதிப்பில்லன்னு யாரு சொல்லுவா? நீங்க அங்க உக்காந்திருப்பீங்களா?"

ஃபொஸ்ஸாத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நுன்சியாத்தா வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். மேலே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தொழிற்கூடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்த பொர்த்தொலோ அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார்.

"எடுக்க முடியாதுன்னா, அடியில எழுதலாமா?" என்றார்.

"என்ன எழுத?"

"என்ன நடந்துச்சோ அதை."

சர்வேயர் நுன்சியாத்தாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பையைத் திறந்து ஃபைலை எடுத்தார். பொர்த்தொலோ படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தையும் மட்டம் பார்த்து வைப்பது போல வைத்தார். நேரம் ஆயிற்று. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நுன்சியாத்தா, "படிங்க" என்றாள் சர்வேயரிடம்.

அவர் படித்தார். ஓதம் வந்தது கொத்தனார் பொர்த்தொலோ ஓட்டைகளை அடைத்ததால். இந்த அம்மாளின் வீடு சுத்தமானது. இவள் சமையலில் ஒரு தப்பும் இல்லை.

"சத்தமா. மேல கேக்கல."

மறுபடி படித்தார். எட்டாவது மாடி வரை கேட்டிருக்கும். அதில் சமையல் பற்றிய வரி எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

ஓட்டைகளைத் திறக்க வாரியம் அவரையே தொங்கு பலகையில் ஏற்றியது, வரைபடம் இருந்தாலும் சுவரில் அடைத்த இடம் அவர் விரலுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால். அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தார். முதல் மாடி ஓட்டையை உளி குத்தியதும் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் சட்டை நனைந்தது. அங்கே மேற்பார்வைக்கு வந்திருந்த இளம் எஞ்சினியர் கீழிருந்து கேட்டார்: "அடுத்த கட்டிடத்துலயும் யாராவது அடைச்சா என்ன பண்றது, மாஸ்டர்?"

"அடைப்பாங்க சார். வெறும் ஓட்டையைப் பாத்தா கொத்தனாருக்குத் தப்புன்னுதான் தோணும். ஒரு துண்டுக் குழாயைச் சொருகி ரெண்டு விரல் வெளிய நீட்டிவுடுங்க. யாரோ வேணும்னுதான் வெச்சிருக்கான்னு தெரிஞ்சுரும்."

அதற்குப் பிறகு வந்த கட்டிடங்கள் எல்லாவற்றிலும் அந்தக் குழாய் வந்தது. அவர் பெயர் எதிலும் வரவில்லை, அவர் எதிர்பார்க்கவும் இல்லை. வசந்தத்தில் சந்து வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை அதையே செய்தார். தொண்ணூற்றெட்டில், ஒரு மழைக்காலத்தில், இந்த வீட்டிலேயே போனார்.

நுன்சியாத்தா அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒரு வருடம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போய் அவளை வற்புறுத்தவில்லை; அவளுக்கு அந்த உரிமை இருந்தது. படியில் எதிர்ப்பட்டால் அவர் தொப்பியைத் தூக்குவார், அவள் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவாள். தன் மகள் கல்யாணம் முடிவானபோது அவளே ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தாள். பொர்த்தொலோ எழுந்து நின்றார்.

"பொண்ணுக்கு மூணாவது படிக்கட்டுல வீடு குடுத்துட்டாங்க" என்றாள். "அதிகாரி ஃபைலைத் தொறந்தான். மேல இருக்குற காயிதத்தையும் படிச்சான், அடியில இருக்குறதையும் படிச்சான். ஒண்ணும் கேக்கல. முத்திரை குத்திட்டான்."

அவர் தலையை ஆட்டினார்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடுப்பில் இருந்த களிப் பானையைப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் கிண்டணும் அதை?" என்றாள் என்னிடம்.

"இருபது நிமிஷம்."

"சரி, இருக்கேன்."